விழுந்ததை வெட்டிய சாமித்தம்பி

சாமித்தம்பி எடுத்த கல்யாண வீடியோவை முழுவதும் பார்த்து முடித்தவர் ரொறன்ரோவில் ஒருவரும் இல்லை. மாப்பிள்ளையின் தாயே பாதியில் எழும்பிச் சோறு வடிக்கப் போய்விடுவார். ஐயர் கொட்டாவி விடுவது, தாய்மாமன் நழுவுகிற வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, தோழிப்பெண் ஆரத்தித் தட்டோடு தடுக்கி விழுவது எல்லாம் அதில் அப்படியே இருக்கும். "உந்தத் துண்டை மட்டும் வெட்டி விடுங்கோவன்" என்று யாராவது கேட்டால், சாமித்தம்பி கசெற்றைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வெட்டுறதெண்டா வேற ஆளப் பாருங்க" என்பார். கோபமாகச் சொல்வதில்லை. முகம் கறுத்துப்போகும், அவ்வளவுதான்.

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்தில் அவரை ‘வெட்டாத சாமி’ என்று கூப்பிட்டார்கள். ஆளுக்குப் பட்டம் வைப்பதில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களை ஒருவரும் வெல்ல முடியாது. இந்தப் பட்டம் என் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, அவரோடு சட்பரிக்குப் போய்வரும் வரைக்கும்.

சாமித்தம்பி மட்டக்களப்பு ஆள். அங்கே ஒரு படமாளிகையில் படம் ஓட்டியவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மனைவி தவமலரோடு கனடாவுக்கு வந்து சேர்ந்தார். கூட வந்தவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவ, இவர் நகர மத்தியில் ஒரு பிலிம் லாப்பில் படச்சுருள் கழுவினார். எல்லாம் ஒரே தண்ணீர்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த லாப்புக்கு ஒரு புட்போல் அணி தன் ஆட்டப் படங்களைக் கொடுத்து வந்தது. பெயர்பெற்ற பெரிய அணி அல்ல. அதற்கு அடுத்த தரத்தில் சம்பளத்துக்கு ஆடிய ஒரு சின்ன அணி. இப்போது அது கலைந்தும் போய்விட்டது. படம் வெட்டி ஒட்ட ஓர் ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்க, லாப்காரர் சாமித்தம்பியைக் கைகாட்டினார். அடுத்த கோடைக்கு மைதானத்துப் படிக்கட்டுக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை அவர் பொறுப்புக்கு வந்தது.

இங்கே புட்போல் என்றால் நாங்கள் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். மறிக்கிற பக்கத்தார் அவனைப் பிடித்து விழுத்த வேண்டும். மறிக்கிறவர்களின் முன்வரிசையில் பாரிய உடம்புக்காரர் சிலர் நிலத்தில் கை ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்கு நேரே அதே பருமனில் எதிராளிகள் நிற்பார்கள். பந்து அசைந்ததும் எல்லாரும் ஒன்றாக முட்டிக்கொள்வார்கள். நான் ஒருநாள் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏறுகிற சண்டையைத்தான் இவர்கள் சீருடை போட்டுச் செய்கிறார்கள் என்று அணைத்துவிட்டேன்.

ஆனால் அதில் கணக்கு இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்தையும் உயரத்திலிருந்து படம் பிடிப்பார்கள். சாமித்தம்பி அந்தச் சுருளை வெட்டி, தாக்குகிற ஆட்டம் ஒரு சுருள், மறிக்கிற ஆட்டம் ஒரு சுருள் என்று ஒட்டிக் கொடுப்பார். பயிற்சியாளர்கள் அதை இருட்டறையில் ஓடவிட்டு, நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொருவனும் ஒவ்வொரு தடவையும் தன் வேலையைச் செய்தானா இல்லையா என்று புள்ளி போடுவார்கள். அடுத்த வருட ஒப்பந்தம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தப் புள்ளியில்தான்.

கோர்டி அங்கேதான் சாமித்தம்பிக்குப் பழக்கமானான். முன்வரிசையின் நடுவில் நிற்பவனுக்கு அவன் மாற்றாள். நடுவில் நிற்பவன் களைத்தால், கால் நொந்தால், கோர்டி உள்ளே போவான். மற்ற நேரமெல்லாம் கோட்டுக்கு வெளியே வாங்கில் போர்வையைப் போர்த்திக்கொண்டு குந்தியிருப்பான். சட்பரிச் சுரங்க நகரத்துப் பிள்ளை. தகப்பன் நிக்கல் சுரங்கத்தில் தூசி குடித்து நெஞ்சு கெட்டுச் செத்தவர். ‘நான் அந்தக் குழிக்குள் இறங்க மாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டுதான் கோர்டி பந்துக்கு வந்தான். முப்பதைத் தாண்டிவிட்டான். மனைவியும் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம்தான். அது நின்றால் குழிதான் என்பது அவனுக்கும் தெரியும், சாமித்தம்பிக்கும் தெரியும்.

அணியில் மற்றவர்களுக்குச் சாமித்தம்பி ‘சாம்’. கோர்டி மட்டும் முழுப்பெயரைக் கேட்டு, நாக்கை வளைத்துப் பழகி, ‘சாமித்தம்பி’ என்றே கூப்பிட்டான். அவனும் ஸ்காபரோவில் இருந்ததால் பயிற்சி முடிந்து தன் பிக்கப் லொறியில் இவரை வீட்டில் இறக்கிவிடுவான். சில நாட்களில் மேலே வந்து சாப்பிடுவான். அவன் வருகிறான் என்றால் தவமலர் இரண்டு பானை வைப்பார். நண்டுக் கறியை அவன் தின்ற மாதிரி எங்கள் ஆட்களே தின்றதை நான் காணவில்லை.

மதிய வேளைகளில் கோர்டி அந்தப் படிக்கட்டு அறைக்கு வந்து சாமித்தம்பியிடம் தன்னுடைய ஆட்டத் துண்டுகளைப் போடச் சொல்வான். அவனுடைய துண்டுகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பந்து அசையும். எதிராளிகள் இரண்டு பேர் சேர்ந்து அவனை முட்டுவார்கள். அவன் அடியில் போவான். அவன்மேல் அந்த இரண்டு பேரும் கிடப்பார்கள். எங்கேயோ ஒரு பக்கத்தில் அவன் அணிக்காரன் வேறொருவன் பந்துக்காரனைப் பிடிப்பான். கூட்டம் அவனுக்குக் கை தட்டும். கோர்டி அதையே "இன்னொரு தரம்" என்பான். மறுபடியும் விழுவான். "இன்னொரு தரம்" என்பான். சாமித்தம்பி திரும்பவும் ஓடவிடுவார். தான் விழுந்ததைத் தானே இருட்டுக்குள் குந்தியிருந்து பார்த்துப் பார்த்து வேகிறானே, இந்த மனிசனுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று நினைப்பார். கேட்டதில்லை. விழுந்தவனிடம் விழுந்ததைப் பற்றிக் கேட்பது எங்கள் பழக்கம் இல்லையே.

எண்பத்தைந்தில் அணி மோசமாகத் தோற்றது. பழைய பயிற்சியாளர்களை முதலாளி வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் தாங்கள் போட்ட புள்ளிகளையும் கொண்டு போய்விட்டார்கள். முன்வரிசைக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் கோர்டி ஆடிக் கண்டதே இல்லை. அவர் சாமித்தம்பியைக் கூப்பிட்டு, ஒப்பந்தம் முடிகிற ஆட்களுக்கு ஆளுக்கொரு சுருள் கேட்டார். இந்த வருடம் அவன் களத்தில் நின்ற எல்லாத் துண்டும் அதில் வரவேண்டும், பார்த்துத்தான் யாரை வைப்பது, யாரை விடுவது என்று தீர்மானிக்கப் போகிறேன் என்றார்.

சாமித்தம்பி கோர்டியின் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தார். விழுகிறான். திரும்பவும் விழுகிறான். இதையா அந்தப் புது மனிசனுக்குக் காட்டுவது? வீட்டுக்கு வந்து தவமலரிடம் சொன்னார்.

"எல்லாத்தையும் போட்டா அவன்ட பொழப்பு போயிரும் புள்ள. நிலத்திலதான் கிடக்கான்."

தவமலர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நம்மட பிள்ளைக்குக் கலியாணம் பேச ஆள் வந்தா, அவன் படியில விழுந்த கதையையா எடுத்துச் சொல்லுவம்? நல்லதச் சொல்லுறதுதானே முறை."

அது போதும் அவருக்கு. சம்பந்தம் பேசுகிற கலியாணத் தரகர் எப்படிச் செய்வாரோ, அப்படியே செய்தார். கோர்டி கீழே போன துண்டுகளையெல்லாம் பிரித்தெடுத்து ஒரு துணிப்பைக்குள் போட்டார். அவன் தன் இடத்திலிருந்து கிளம்பி ஓடிப்போய்ப் பந்துக்காரனைத் தானே பிடித்த சில துண்டுகள் இருந்தன. அவற்றை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டினார். ஒட்டுத் தெரியாமல் ஒட்டினார். சின்னச் சுருள், ஆனால் பார்க்க வீரமான சுருள். அன்றைக்குக் கோர்டியின் லொறியில் வீட்டுக்கு வரும்போது, "உனக்கு ஒண்டும் நடக்காது, பயப்படாத" என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் தைரியமும் சொன்னாராம். சட்பரி வழியில் இதை எனக்குச் சொல்லும்போது அவர் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுருளைப் பார்க்கப் பயிற்சியாளரும் ஒப்பந்தங்களைக் கவனிக்கிற அதிகாரியும் வந்தார்கள். படம் ஓட்டியவர் சாமித்தம்பியேதான். அந்த அறையில் நடந்த பேச்செல்லாம் ஆங்கிலம். இங்கே எழுதுவது என் தமிழ்.

சுருள் ஓடி முடிந்ததும் பயிற்சியாளர், "இவன் ஆடியது இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"ஓம், இவ்வளவுதான்" என்றார் சாமித்தம்பி.

பயிற்சியாளர் திரும்பப் போடச் சொல்லி, நடுவில் நிறுத்தி, திரையில் விரலை வைத்து அதிகாரிக்குக் காட்டினார். "பார். ஓடுகிறவனைப் பிடிக்கிறான், சரி. ஆனால் ஒவ்வொரு தரமும் தன் இடத்தை விட்டு ஓடிப்போய்த்தான் பிடிக்கிறான். இங்கே நடுவில் எவ்வளவு பெரிய ஓட்டை விட்டிருக்கிறான். பந்துக்காரன் இந்த வழியால் திரும்பியிருந்தால் கதை முடிந்தது. நடுவில் நிற்கிறவனின் வேலை பிடிப்பது அல்ல. எதிராளிகள் இரண்டு பேரைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கிடப்பது. அவர்கள் இவன்மேல் கிடந்தால் பின்னால் வருகிற நம்முடைய ஆளை மறிக்க யாரும் இல்லை. அவன் வந்து பிடிப்பான். இந்தச் சுருளில் இவன் ஒருதரம்கூடக் கீழே கிடக்கவில்லையே?"

அதிகாரி சொன்னார்: "வயதும் போகிறது, முழங்காலும் சரியில்லை என்கிறார்கள். தாங்கிக் கிடக்கிறவன் என்றால் மாற்றாளாக இன்னொரு வருடம் வைக்கலாம். கைதட்டலுக்கு ஓடுகிறவனுக்கு எதற்கு ஒப்பந்தம்?"

படக்கருவிக்குப் பக்கத்தில் நின்ற சாமித்தம்பிக்கு ஊர்க் கிளித்தட்டு நினைவு வந்தது. சின்ன வயதில் அதை விளையாடியவர். கோட்டில் மறிக்கிறவன் ஆட்டம் முழுவதும் ஒருவனையும் தொடாமலே நிற்பான். அவன் கோட்டை விடாமல் நின்றால்தான் அவன் பக்கத்துத் தலையாளான கிளி ஓடிவந்து எதிராளியை அடிக்க முடியும். அடித்த பெயர் கிளிக்கு. கோட்டை விட்டு ஓடினவனை எல்லாரும் சேர்ந்து ஏசுவார்கள். அப்படி ஏச்சு வாங்கியவர்தான் சாமித்தம்பியும். கோர்டி ‘இன்னொரு தரம், இன்னொரு தரம்’ என்று பார்த்தது தன் வெட்கத்தை அல்ல, தன் வேலையை என்று அந்த நேரம்தான் அவருக்கு உறைத்தது. அவன் நல்லது செய்த இடங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து வெட்டி, பிழை விட்ட இடங்களை மாலை கோத்த மாதிரி கோத்து வைத்திருக்கிறார்.

துணிப்பை அடுத்த அறையில் ஆணியில் தொங்குகிறது. "ஐயா, நான் வெட்டிப்போட்டன், பொறுங்க, எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. அகதி வழக்கு இன்னும் தீரவில்லை. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம். இப்போதுதான் ‘இவ்வளவுதான்’ என்று வாயால் சொன்னேனே, அதை எப்படித் திருப்பி விழுங்குவது என்ற வெட்கம் மறு பக்கம். வெட்கம்தான் பெரிது என்று அவர் என்னிடம் சொன்னார். பயத்துக்காக வாயை மூடியிருந்தால் தன்னைத் தானே மன்னித்திருப்பாராம்.

வீட்டில் தவமலர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நானும்தானே அப்பிடிச் சொன்னன். நாளைக்கே போய்ச் சொல்லுங்க." அந்த நாளை உடனே வரவில்லை. வார இறுதி குறுக்கிட்டது. பயிற்சியாளர் வெளியூர் போனார். இவர் அதை ஒரு சாட்டாகப் பிடித்துக்கொண்டார். இடையில் துணிப்பையிலிருந்த துண்டுகளையெல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப ஒட்டி முழுச் சுருளையும் செய்து வைத்தார். கடைசியாக அதைக் கொண்டுபோய்ப் பயிற்சியாளருக்குப் போட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னார்.

பயிற்சியாளர் நெடுநேரம் பார்த்தார். "இப்படி ஒருத்தனைத்தான் நான் தேடினேன்" என்றார். பிறகு, அந்த இடத்துக்கு மேற்கிலிருந்து ஒரு பெடியனை எடுத்துக் கையெழுத்தும் ஆகிவிட்டது, இனி இடமில்லை என்றார். பயிற்சியாளர் தன்னை வேலையால் நிறுத்திவிடுவார் என்று சாமித்தம்பி காத்து நின்றார். அவர் நிறுத்தவில்லை. "வெட்டினதே தெரியாமல் ஒட்டியிருக்கிறாய். நல்ல கை உனக்கு" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு இன்னும் தோளில் எரிகிறது என்று சாமித்தம்பி சொல்வார்.

கோர்டி தன் சாமான்களை எடுத்துப் போக வந்த நாளில் படிக்கட்டு அறைக்கும் வந்தான். கதிரையில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். பிள்ளைகளுக்குக் காட்ட அந்தச் சுருளைத் தருவாயா என்று கேட்டான். சாமித்தம்பி முழுச் சுருளையும் தகரப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். அவன் போகவில்லை.

"வேறென்ன, சாமித்தம்பி?" என்றான்.

"ஒண்டுமில்ல."

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். "வேறென்ன?"

"வெளியில பனி கொட்டுது. பாத்து ஓட்டு."

தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு எழும்பிக் கை கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் போனான். குடும்பத்தோடு சட்பரிக்குத் திரும்பினான். குழிக்குள் இறங்கினான்.

சாமித்தம்பி அந்த அறையில் நிற்க முடியாமல் வேலையை விட்டார். லாப்புக்குத் திரும்பினார். வீடியோ வந்து லாப்பும் படுத்தது. எங்கள் சனம் கலியாணமும் பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்கும் பெரிதாகச் செய்யத் தொடங்கிய காலம். அவர் ஒரு கமெரா வாங்கித் தோளில் தூக்கினார். எடுத்ததை வெட்ட மாட்டேன் என்று நின்றார். நான் பட்டம் வைத்தேன்.

எண்பத்தெட்டு வசந்தத்தில் ஒருநாள் என் கதவைத் தட்டினார்.

"அண்ணன், உங்கட காரில சட்பரிக்குப் போய்வரலாமா? ஒரு கசெற் குடுக்கணும்."

"ஒரு கசெற்றுக்கோ? தபாலிலை போடுங்கோவன்."

"இல்ல அண்ணன். கையில குடுக்கணும்."

கோர்டி தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறான். பிள்ளைகள் தகப்பனின் ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், சுருளை ஓட்டக் கருவி இல்லை, நீ வீடியோவில் மாற்றித் தருவாயா என்று கேட்டுச் சுருளை பஸ்ஸில் அனுப்பியிருக்கிறான். சாமித்தம்பி அதைச் சுவரில் ஓடவிட்டு வீடியோவில் பிடித்து வைத்திருந்தார். வழியெல்லாம் பாறையும் பைன் மரமும். அந்த வழியில்தான் இவ்வளவும் எனக்குச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"உமக்கென்ன விசரோ? ஒருத்தன்ரை சீவியத்தை உப்பிடிக் கிழிச்சுப்போட்டு, பனி கொட்டுது எண்டு சொன்னனீரே!"

"ஓம் அண்ணன்."

அவர் மறுத்துப் பேசியிருந்தால் நான் இன்னும் ஏசியிருப்பேன். கொஞ்சத் தூரம் போனபின் சொன்னேன்: "இப்ப அதை ஏன் கிளறுவான். அவனுக்குத் தெரியாது. மூண்டு வருசமாச்சு. கசெற்றைக் குடுத்திட்டு ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வருவம்."

அவர் கசெற்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோர்டியின் வீடு சின்ன மரவீடு. கதவைத் திறந்தவனைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு மெதுவாக நடப்பதை நான் கண்டதில்லை. இருமிக்கொண்டே, "சாமித்தம்பி!" என்று கட்டிப்பிடித்துத் தூக்கினான். தூக்கப்பட்டவர் பாதி அழுகிற முகத்தோடு அந்தரத்தில் தொங்கினார். மனைவி கோப்பி கொண்டுவந்தாள். இரண்டு பெண் பிள்ளைகளும் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்கள். கசெற் ஓடத் தொடங்கியது.

கோர்டி விழுந்தான். திரும்பவும் விழுந்தான். கூட்டம் வேறு யாருக்கோ கை தட்டியது. இளையவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, நீங்கள் ஏன் எப்பவும் விழுந்துகொண்டே இருக்கிறீர்கள்?"

கோர்டி சிரித்தான். "அதைச் சாமித்தம்பியிடம் கேள். அவர்தான் எல்லாத்தையும் பார்த்தவர்."

பிள்ளை திரும்பிப் பார்த்தது. சாமித்தம்பி கோப்பியை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பி நின்றார். வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால் எழும்பி நிற்கிற மாதிரி நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"உன்ட அப்பா விழல்ல, மகள்" என்று தமிழில் தொடங்கி, அதை உணர்ந்து ஆங்கிலத்துக்கு மாறினார். உடைந்த ஆங்கிலம். உன் அப்பா இரண்டு பேரைப் பிடித்து வைத்திருக்கிறார், அதுதான் அவருடைய வேலை, அவர் நல்லாகச் செய்தார் என்றார். எனக்கு அது விளங்கவில்லை, நான் அதை வெட்கம் என்று நினைத்தேன் என்றார். இந்தத் துண்டெல்லாம் நான் வெட்டி ஒளித்தேன், பயிற்சியாளர் இதுதானா எல்லாம் என்று கேட்டார், நான் ஓம் என்றேன், என்னால்தான் உன் அப்பா இங்கே சுரங்கத்துக்கு வந்தார் என்றார். கோர்டியைப் பார்க்காமல் பிள்ளைக்கே எல்லாம் சொன்னார். சொல்லி முடித்து அப்படியே நின்றார். கோர்டியின் மனைவி கோப்பிப் பாத்திரத்தைப் பிடித்தபடி கணவனைப் பார்த்தாள். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. செய்தவர் அவர், ஆனால் எனக்கும் உடம்பு கூசியது.

கோர்டி இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எனக்குத் தெரியும்" என்றான். "அப்போதே தெரியும். பயிற்சியாளர் சொன்னார்."

சாமித்தம்பி இப்போதுதான் அவனை நேரே பார்த்தார். "அப்ப ஏன் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல?"

"நானா கேட்க வேண்டும்?" கோர்டியின் குரல் உயரவில்லை. "அன்றைக்கு உன் அறைக்கு எதற்கு வந்தேன் என்று நினைத்தாய்? சுருளுக்கா? நீ சொல்வாய் என்று வந்தேன். சொன்னால், பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று அதையும் யோசித்து வைத்துக்கொண்டு வந்தேன். வேறென்ன, வேறென்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ பனி கொட்டுகிறது என்றாய்."

தொலைக்காட்சியில் அவன் மறுபடியும் அடியில் போனான். சாமித்தம்பி பாய்ந்து அதை நிறுத்தப் போனார். கோர்டி கையை நீட்டித் தடுத்தான்.

"விடு, ஓடட்டும்" என்றான். "பிள்ளைகள் பார்க்கட்டும்."

தன் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். சாமித்தம்பி அங்கே போய் உட்கார்ந்து முழுக் கசெற்றையும் பார்த்தார். கோர்டி பிள்ளைகளுக்கு விரலால் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினான்: இவன் என்மேல், அவனும் என்மேல், அங்கே பார், வழி திறக்கிறது. புறப்படும்போது வாசலில் நின்று கை கொடுத்தான். கட்டிப்பிடிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் பரி சவுண்ட் என்ற ஊரைத் தாண்டிய பிறகு சாமித்தம்பி, "பரவாயில்ல எண்ட அந்தச் சொல்ல அவன் எனக்கெண்டு கொண்டுவந்து வெச்சிருந்தவன் அண்ணன். நான்தான் வாங்காம விட்டுட்டன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பட்டத்தைச் சொன்னதில்லை. என் மைத்துனனின் கலியாண வீடியோவையும் அவர்தான் எடுத்தார். மேடைப் படியில் நான் பழத்தட்டோடு விழுந்தது அதில் முழுவதுமாக இருக்கிறது. வெட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கட்டடத்துப் பெடியள் மட்டும் இன்னும் விடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று "வெட்டாத சாமி!" என்று கத்துவார்கள். சாமித்தம்பி கமெராவைத் தோளில் சரிசெய்துகொண்டு, "ஓம், வாறன்" என்று திரும்புவார்.